அகதிகளும் ஆஸ்பத்திரி இன்ஷூரன்சும்

கனடா தேசத்துச் சர்க்கார், தங்கள் நாட்டில் தஞ்சம் கேட்டு வந்திருக்கிற அகதிகளுக்கு இதுவரை கொடுத்துவந்த வைத்திய உதவியில், இனிமேல் ஒரு பங்கை அந்த அகதிகளே கைப்பணமாகக் கொடுக்கவேண்டும் என்று 2025-ம் வருஷம் நவம்பர் மாதத்திய வரவு செலவுத் திட்டத்தில் தெரிவித்தார்கள். அது 2026 மே மாதம் 1-ந் தேதி முதல் அமுலுக்கு வரும் என்றும் பின்னர் விளம்பரப்படுத்தினார்கள். அதன்படி டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு மருந்துச் சீட்டுக்கும் 4 டாலர். பல் வைத்தியம், மூக்குக் கண்ணாடி, மனநோய்க்கான ஆலோசனை முதலியவைகளுக்கு ஆகும் செலவில் 100-க்கு 30 பங்கு. டாக்டரைப் பார்ப்பதற்கும் ஆஸ்பத்திரியில் படுப்பதற்கும் மாத்திரம் கட்டணமில்லை.

இதைக் கேட்டவுடன் "நாலு டாலர் ஒரு பெரிய காரியமா?" என்று சிலரும், "ஓசியில் வாங்கியவர்கள் கொஞ்சம் கொடுத்தால்தான் என்ன?" என்று சிலரும் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். இப்படிப் பேசுகிறவர்களில் நம்முடைய ஆட்களும் இருக்கிறார்கள் என்பதுதான் நாம் இதைப்பற்றி எழுதவேண்டி வந்ததற்குக் காரணம். 1983-ல் இலங்கையில் தமிழர்கள் வெட்டப்பட்டும் கொளுத்தப்பட்டும் ஓடியபோது, கனடாவில் போய் இறங்கிய பல்லாயிரம் பேரும் அகதிகளாகத்தான் இறங்கினார்கள். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்துக் கொண்டிருந்த 155 தமிழர்களை அந்நாட்டு மீன்பிடிகாரர்கள்தான் கரை சேர்த்தார்கள். 2010 ஆகஸ்டில் 'சன் சீ' என்ற கப்பலில் 492 பேர் போய்ச் சேர்ந்தார்கள். அப்படிப் போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இன்று வீடு வாசலோடு இருக்கலாம். ஆனால் ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கிற புத்தி மனிதனுக்கு வந்துவிட்டால், அவன் மேலே ஏறியதனால் யாருக்கு என்ன லாபம்?

ஆகவே இந்த விஷயத்தைக் கோபமில்லாமல், கணக்குப் போட்டே பார்ப்போம்.

முதலாவது, இன்ஷூரன்ஸ் என்பது என்ன? நூறு பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வருஷம் அவர்களில் ஐந்து பேருக்குப் பெரிய வியாதி வரும். யார் அந்த ஐந்து பேர் என்பது ஒருவருக்கும் தெரியாது. ஆகையால் நூறு பேரும் தங்களால் இயன்றதை முன்கூட்டியே ஒரு பெட்டியில் போட்டு வைத்து, வியாதி வந்தவனுக்கு அதிலிருந்து எடுத்துச் செலவு செய்கிறார்கள். அவ்வளவுதான் இதில் இருக்கும் தந்திரம். இதில் வியாதி வராதவனுக்கு நஷ்டம் என்று சொல்லமுடியாது. அவன் வருஷம் முழுவதும் பயமில்லாமல் தூங்கினான் என்பதே அவனுக்குக் கிடைத்த லாபமாகும். வியாதி வந்தவன் பிச்சை வாங்கினான் என்றும் சொல்லமுடியாது. ஏனெனில் அது எல்லோருக்குமாக வைத்த பெட்டி.

கனடா தேசத்தில் இந்தப் பெட்டியை முதலில் வைத்தவர் யார் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. டாமி டக்ளஸ் என்பவர் 1904-ல் ஸ்காட்லாந்தில் பிறந்து, சிறு பிள்ளையாகக் கனடாவுக்குக் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய கால் எலும்பில் சீழ் பிடித்து, காலையே எடுத்துவிட வேண்டும் என்கிற நிலைமை வந்தது. பெற்றோருக்குப் பெரிய டாக்டரை வைத்துப் பார்க்க வழியில்லை. வினிபெக் ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய டாக்டர், மாணாக்கர்களுக்குக் காட்டிப் படிப்பிக்கலாம் என்று பணம் வாங்காமல் ஆபரேஷன் செய்ததால் கால் பிழைத்தது. பிற்காலத்தில் அவர் சஸ்காட்சுவான் மாகாணத்தின் முதல் மந்திரியானபோது, ஒரு பையனுடைய கால் தங்குவதும் போவதும் ஒரு டாக்டருடைய தயவில் இருக்கக்கூடாது என்கிற எண்ணத்தோடு, 1947-ல் மாகாணம் முழுவதுக்கும் ஆஸ்பத்திரி இன்ஷூரன்சை ஏற்படுத்தினார். 1957-ல் கனடா பாராளுமன்றம் ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் சட்டம் செய்து, மாகாணங்களின் செலவில் பங்கெடுத்துக்கொள்ள முன்வந்தது. ஆகவே இன்று "இது எங்கள் ஊர்க்காரனுக்கு வைத்த பெட்டி, வந்தேறிக்கு இல்லை" என்று பேசுகிறவர்கள், அந்தப் பெட்டியை வைத்தவனே வெளியூரிலிருந்து வந்த ஒரு ஏழைப் பையன் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதே 1957-ம் வருஷத்தில்தான், மாகாண இன்ஷூரன்சில் இன்னும் சேராதவர்களும் கையில் காசில்லாதவர்களுமான குடியேறிகளுக்கு மத்திய சர்க்காரே வைத்தியச் செலவைக் கொடுக்கலாம் என்ற உத்தரவும் பிறந்தது. 1956-ல் ஹங்கேரியில் நடந்த கலகத்திற்குப் பிறகு 37,000-க்கு மேற்பட்ட ஹங்கேரிக்காரர்களைக் கனடா ஏற்றுக்கொண்ட காலம் அது. அந்த உத்தரவின் வழியாக வந்ததுதான் இன்று 'இடைக்கால மத்திய சுகாதாரத் திட்டம்' என்று சொல்லப்படுவது.

இதன் ஏற்பாடு சிக்கலானதல்ல. தஞ்சம் கேட்டு மனுக் கொடுத்தவனுக்குச் சர்க்கார் ஒரு பத்திரம் கொடுக்கிறது. அவன் அதை டாக்டரிடம் காட்டினால், டாக்டர் வைத்தியம் செய்துவிட்டுப் பணத்தை அகதியிடம் கேட்காமல், சர்க்காருக்காகக் கணக்குப் பார்க்கிற மெடாவி புளூ கிராஸ் என்னும் கம்பெனிக்குப் பில் அனுப்புகிறார். ஆஸ்பத்திரி, டாக்டர், பிரசவம், ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே ஆகியவை அடிப்படை வைத்தியம். மருந்து, பல், கண் முதலியவை அதற்குமேல். மனு ஒப்புக்கொள்ளப்பட்டால் அவன் மாகாண இன்ஷூரன்சுக்கு மாறிக்கொள்கிறான். அதாவது இது நிரந்தரச் சோறு அல்ல. ஆற்றைக் கடக்கும் வரையில் ஒரு பாலம்.

இந்தப் பாலத்தை 2012-ம் வருஷம் ஜூன் 30-ந் தேதி அப்போதிருந்த கன்சர்வேட்டிவ் சர்க்கார் பாதியில் வெட்டியது. அவர்கள் சொன்ன காரணம் மூன்று: ஐந்து வருஷத்தில் 10 கோடி டாலர் மிச்சமாகும் என்பது ஒன்று. கனடாக்காரனுக்கே இல்லாத சலுகை அகதிக்கு ஏன் என்பது மற்றொன்று. பொய் அகதிகள் வருவது நின்றுபோகும் என்பது மூன்றாவது.

வெட்டிய விதத்தைப் பாருங்கள். நோயாளிகளையே நாலு ஜாதியாகப் பிரித்தார்கள். சர்க்காரே அழைத்து வந்து குடியேற்றிய அகதி முதல் ஜாதி. அவனுக்கு எல்லாம் உண்டு. மற்ற மனுதாரர்களில் பெரும்பாலோர் இரண்டாவது ஜாதி; அவர்களுக்கு அவசரமானால் டாக்டரும் ஆஸ்பத்திரியும் உண்டு, ஆனால் மருந்து கிடையாது; அவர்களுடைய வியாதி பிறருக்கு ஆபத்தாக இருந்தால் மாத்திரம் மருந்து உண்டு. 'பத்திரமான தேசங்கள்' என்று சர்க்கார் ஜாபிதாப் போட்ட நாடுகளிலிருந்து வந்தவர்களும், மனுத் தள்ளப்பட்டவர்களும் மூன்றாவது ஜாதி; பிறருக்கு ஆபத்தான வியாதி இருந்தாலொழிய அவர்களுக்கு டாக்டரும் இல்லை, மருந்தும் இல்லை. இன்னும் சிலருக்கு அதுவும் இல்லை. அவர்கள் நாலாவது ஜாதி. இலங்கை அந்த ஜாபிதாவில் இல்லாததால், அங்கிருந்து வந்த மனுதாரர்கள் இரண்டாவது ஜாதியில் சேர்ந்தார்கள்.

இதன் அர்த்தம் என்ன? காச நோய் என்றால் மருந்து உண்டு. நீரிழிவு என்றால் மருந்து இல்லை. ஏன்? காச நோய் பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தொற்றும், நீரிழிவு தொற்றாது. மூன்றாவது ஜாதிக்காரனுக்கு மார்வலி வந்தால் இன்ஷூரன்ஸ் இல்லை. அவனுக்குப் பைத்தியம் பிடித்து இன்னொருவனை வெட்டவருவான் என்றால் உண்டு. அதாவது, "உன் வியாதி எங்களைக் கொல்லுமானால் மருந்து தருகிறோம், உன்னை மாத்திரம் கொல்லுமானால் அது உன்னுடைய சொந்த விஷயம்" என்பதுதான் அந்தச் சட்டத்தின் தத்துவம். இதை வைத்தியம் என்று சொல்லலாமா? மாட்டுச் சந்தையில் நோய் கண்ட மாட்டைப் பிரித்துக் கட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தப் பத்திரமான தேசங்களின் ஜாபிதாவில் 2012 டிசம்பரிலேயே ஹங்கேரியும் சேர்க்கப்பட்டது. 1957-ல் எந்தத் தேசத்து அகதிகளைக் கைகொடுத்துத் தூக்கினார்களோ, அதே தேசத்திலிருந்து தஞ்சம் கேட்டு வந்த ரோமா மக்களுக்கு 55 வருஷம் கழித்து டாக்டரும் இல்லை, மருந்தும் இல்லை என்றார்கள். மனிதனுடைய உடம்பு மாறவில்லை. சீட்டில் எழுதியிருந்த ஊர்ப் பெயருக்கு விலை மாறிவிட்டது.

இதை எதிர்த்துக் கிளம்பியவர்கள் யார் என்றால், அகதிகள் அல்ல, டாக்டர்கள். 2012 ஜூன் 18-ந் தேதி வெள்ளைக் கோட்டோடு பல பட்டணங்களில் தெருவுக்கு வந்தார்கள். பிறகு அகதி வைத்தியத்திற்காகச் சேர்ந்த டாக்டர்கள் சங்கமும் அகதி வக்கீல்களும் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கில் ஆப்கானிஸ்தானத்துக்காரர் ஒருவருடைய நிலைமை எடுத்துக் காட்டப்பட்டது. அவர் மனுத் தள்ளப்பட்டவர். ஆனால் அவருடைய தேசம் ஆபத்தானது என்று கனடா சர்க்காரே ஒப்புக்கொண்டு, அங்கே யாரையும் திருப்பி அனுப்புவதை நிறுத்தி வைத்திருந்தது. போகவும் முடியாது, இன்ஷூரன்சும் கிடையாது. அவருக்கு நீரிழிவு. ஒரு சமூக ஆஸ்பத்திரியில் இலவச மாதிரியாக வந்த இன்சுலினைப் போட்டுக்கொண்டு உயிரோடிருந்தார்.

2014 ஜூலை 4-ந் தேதி பெடரல் கோர்ட்டு ஜட்ஜு ஆன் மக்டாவிஷ் அம்மையார் தீர்ப்புச் சொன்னார். ஏழைகளும் திக்கற்றவர்களுமான ஒரு கூட்டத்தாரை வேண்டுமென்றே குறிவைத்து, அவர்களுக்கு இருந்ததைப் பறித்து, அந்தத் துன்பத்தைக் காட்டி மற்றவர்களை வரவிடாமல் பயமுறுத்துவது கொடூரமான நடத்தை என்றும், எந்தத் தேசத்திலிருந்து வந்தவன் என்று பார்த்து வைத்தியத்தில் வித்தியாசம் செய்வது சமத்துவத்திற்கு விரோதம் என்றும் முடிவு செய்தார். ஆனாலும் ஒன்றை நாம் மறைக்கக்கூடாது. சர்க்கார் வைத்தியச் செலவைக் கொடுத்தே தீரவேண்டும் என்கிற உரிமை அரசியல் சட்டத்தில் இருக்கிறது என்று அந்தத் தீர்ப்புச் சொல்லவில்லை. அந்த வாதத்தை ஜட்ஜு ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே இந்த வைத்தியம் கல்லின் மேல் எழுதிய எழுத்தல்ல. ஜனங்களின் அபிப்பிராயத்தின் மேல் நிற்கிற காரியம். 2014 நவம்பரில் ஒரு பாகத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2015-ல் சர்க்கார் மாறி, 2016 ஏப்ரல் 1-ந் தேதி முழுவதும் திரும்பி வந்தது. அந்தப் பத்திரமான தேசங்களின் ஜாபிதாவும் 2019 மே மாதத்தில் காலி செய்யப்பட்டது.

சரி, மிச்சமென்று சொன்னார்களே, அது எங்கே மிச்சமாயிற்று? ஒன்டாரியோ மாகாணச் சர்க்கார் 2014 ஜனவரி 1-ந் தேதி முதல் தன் சொந்தப் பணத்தைப் போட்டு அகதிகளுக்கு ஒரு தற்காலிகத் திட்டம் நடத்தவேண்டி வந்தது. க்யூபெக்கும் வேறு சில மாகாணங்களும் அப்படியே தங்கள் கையைவிட்டுக் கொடுத்தன. வலது சட்டைப்பையில் இருந்த செலவை இடது சட்டைப்பையில் போட்டுவிட்டு அதற்கு மிச்சம் என்று பெயர் வைத்தால், பள்ளிக்கூடத்துப் பையன்கூடச் சிரிப்பான். மேலும், இன்சுலின் கொடுக்காமல் விட்டவன் எங்கே போவான்? மயங்கி விழுந்து அவசர வார்டுக்குத்தான் வருவான். அங்கே அவனைத் தெருவில் போட எந்த டாக்டருக்கும் மனம் வராது. மருந்துச் செலவை மிச்சம் பிடிக்கப்போய், படுக்கைச் செலவையும் சிறுநீரகம் கெட்ட செலவையும் தலையில் கட்டிக்கொள்வதற்குப் பெயர் சிக்கனமா?

இது வெறும் பேச்சல்ல. இதே வழியில் நெடுநாள் போய்ப்பார்த்த தேசம் ஒன்று உண்டு. ஜெர்மனியில் 1993-ல் செய்த ஒரு சட்டப்படி, தஞ்சம் கேட்டு வந்தவனுக்கு முதல் சில காலம் திடீர் வியாதிக்கும் வலிக்கும் மாத்திரம் வைத்தியம் என்று வைத்தார்கள். மற்றவைகளுக்கு அதிகாரியின் தயவு வேண்டும். 1994 முதல் 2013 வரையில் உள்ள கணக்கைப் பரிசோதித்து இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2015-ல் வெளியிட்ட முடிவு என்னவென்றால், கட்டுப்பாடு உள்ளவர்களுக்கு ஆன செலவுதான், கட்டுப்பாடில்லாமல் சாதாரண வைத்தியம் பெற்றவர்களுக்கு ஆன செலவைவிட, ஆளுக்கு வருஷத்திற்குச் சுமார் 376 யூரோ அதிகம் என்பதாகும். கதவைச் சாத்தினால் செலவு குறையும் என்பது பார்வைக்கு நியாயமாகத் தெரிகிற ஒரு மூடநம்பிக்கையே தவிர வேறல்ல.

இனி, "கனடாக்காரனுக்கே இல்லாத மருந்தும் பல் வைத்தியமும் அகதிக்கு ஏன்?" என்ற கேள்விக்கு வருவோம். இது ஒப்பிடக்கூடாத இரண்டு பேரை ஒப்பிடுகிற பித்தலாட்டமாகும். கனடாவில் வேலையிலிருக்கிற பலருக்கு முதலாளி மூலமாக மருந்து இன்ஷூரன்ஸ் இருக்கிறது. வேலையில்லாமல் சர்க்கார் உதவிப் பணத்தில் ஜீவிக்கிற கனடா ஏழைக்கு மாகாணச் சர்க்கார் மருந்தும் ஓரளவு பல், கண் வைத்தியமும் கொடுக்கிறது. அகதிக்குக் கொடுப்பது அந்த ஏழைக்குக் கொடுப்பதற்குச் சமமானதே ஒழிய அதற்கு மேற்பட்டதல்ல. மருந்து இல்லாமல் எந்தக் கனடாக்காரனாவது கஷ்டப்பட்டால், அவனுக்கும் கொடு என்று கேட்பதுதான் யோக்கியமான கேள்வி. அவனுக்கில்லாததால் இவனுக்கும் வேண்டாம் என்பது, ஒருவன் பட்டினி என்பதற்காக இன்னொருவன் இலையையும் எடுத்துவிடு என்பது போன்றதாகும்.

"செலவு ஏறிக்கொண்டே போகிறதே" என்பார்கள். ஏறுவது உண்மைதான். அதற்கு ஒரு பெரிய காரணம், தீர்ப்புக்குக் காத்திருக்கிற மனுக்கள் 2025-ல் இரண்டரை லட்சத்திற்கு மேல் குவிந்து கிடந்தன என்பதாகும். ஒரு மனுவை முடிக்க வருஷக்கணக்காக இழுத்தால் அத்தனை வருஷமும் இடைக்கால வைத்தியம் கொடுக்கவேண்டியதுதான். இது சர்க்காருடைய தாமதமா, நோயாளியின் குற்றமா? தாமதத்தைக் குறைத்தால் செலவும் குறையும், அகதிக்கும் நிம்மதி.

இப்போது அந்த நாலு டாலரைக் கவனிப்போம். நீரிழிவும் ரத்தக் கொதிப்பும் உள்ள ஒரு தாய்க்கு நாலு மருந்து என்றால் ஒரு தடவைக்கு 16 டாலர். மாதா மாதம் வாங்கினால் வருஷத்திற்கு 192 டாலர். அவளுடைய பிள்ளைக்கு 200 டாலரில் கண்ணாடி வேண்டுமானால் 60 டாலர் கைப்பணம். சிறையில் அடிபட்டும், கண்முன்னே உறவினர் சாகக் கண்டும் ஓடிவந்தவன் இராத்தூக்கமில்லாமல் மனநோய் ஆலோசனைக்குப் போனால், ஒவ்வொரு தடவையும் 100-க்கு 30. சம்பளக்காரனுக்கு இது சில்லறை. வேலைக்கு அனுமதிச் சீட்டு இன்னும் கைக்கு வராதவனுக்கு இது அரிசியா மருந்தா என்ற கேள்வி. இந்தக் கேள்வி வந்தால் நம் வீட்டுப் பெண்கள் எதை எடுப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பிள்ளைக்கு அரிசி வாங்கிவிட்டுத் தன்னுடைய மாத்திரையை நாளைக்கு என்று தள்ளி வைப்பார்கள்.

2012-ல் செய்தது கோடாரியால் வெட்டியது. 2026-ல் செய்வது அரத்தால் அறுப்பது என்பதைத் தவிர, வெட்டுகிற இடம் ஒன்றுதான். அன்றைக்கும் முதலில் போனது மருந்து. இன்றைக்கும் கைவைப்பது மருந்தின் மேல்தான். இன்ஷூரன்ஸ் என்பது வியாதி வருமுன் எல்லோரும் கொடுப்பது. வியாதி வந்த பிறகு, வியாதிக்காரனிடம், அதிலும் ஏழையான வியாதிக்காரனிடம் வாசலில் நின்று வாங்குவது இன்ஷூரன்ஸ் அல்ல, அது சுங்கச்சாவடி.

இதைப் படிக்கிறவர்களில் கனடாவில் உறவினர் உள்ளவர்கள் அனேகர் இருக்கலாம். அவர்களுக்குச் சில வார்த்தைகள். தஞ்சம் கேட்டு மனுக் கொடுத்திருக்கிறவர்கள், சர்க்கார் கொடுத்த பத்திரத்தை எப்போதும் கையில் வைத்துக்கொண்டு, டாக்டரிடம் போகுமுன் அவர் இந்தத் திட்டத்தில் பதிந்துகொண்டவரா என்று கேட்டுக்கொள்ளவேண்டும். பத்திரத்திலுள்ள காலம் முடியுமுன் புதுப்பித்துக்கொள்ளவேண்டும். திட்டத்தில் சேர்ந்த டாக்டரைப் பார்ப்பதற்கும் ஆஸ்பத்திரி வைத்தியத்திற்கும் யாராவது முன்பணம் கேட்டால், பணத்தை எடுத்து நீட்டாமல், காரணம் கேட்டு, அகதிகளுக்கு உதவி செய்கிற சங்கத்தாரையோ வக்கீலையோ கலந்துகொள்ளவேண்டும். 2012-க்குப் பிறகு, உரிமை இருந்தவர்களைக்கூட விதிகள் புரியாமல் பல இடங்களில் திருப்பி அனுப்பினார்கள் என்பதை மறக்கக்கூடாது. வைத்தியம் செய்துகொண்டால் மனுத் தள்ளுபடியாகும் என்று சிலர் கிளப்பிவிடுகிற பயத்தை ஒருவரும் நம்பவேண்டியதில்லை. வியாதியை மறைத்து வைப்பதால் வழக்கு ஜெயிக்காது, வியாதிதான் ஜெயிக்கும்.

அந்நாட்டில் ஓட்டுரிமை பெற்று நல்ல நிலைமையில் இருக்கிற நம்மவர்களுக்கும் ஒன்று சொல்லுவோம். ஒரு கோர்ட்டுத் தீர்ப்பை நம்பி உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. ஒரு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி எழுதினால் இந்த உதவி குறைந்துபோகும் என்பதை இப்போது கண்டுகொண்டீர்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவனிடம், நாலு டாலரை எடுத்துவிடுவாயா மாட்டாயா என்று வாய்விட்டுக் கேட்கவேண்டியது உங்கள் கடமை. புதிதாக வந்திறங்குகிறவன் சோமாலியனோ, ஹைத்தியனோ, ஆப்கானியனோ, தமிழனோ, அவன் உடம்பிலிருப்பதும் அதே ரத்தம்தான். அவனுக்கு வருவதும் அதே காய்ச்சல்தான். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்குமுன் எந்த ஊர் என்று கேட்கிற வழக்கம் ஒழிந்தால்தான், அங்கே இருப்பது வைத்தியம் என்று சொல்லத்தகும்.